இரண்டு மேஸ்திரிகளும் ஒரு நாற்காலியும்

"அசையாதீங்க. அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது... பேசாதீங்க. அறுவத்தொண்ணு..."

"நான் எங்க பேசினேன்?"

"இப்பப் பேசினது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

கொக்கி வாயை மூடிக்கொண்டார். அவருடைய இடது மணிக்கட்டு மனைவியின் பிடியில் இருந்தது. மனைவியின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நொடிமுள் மெதுவாகச் சுற்றிப் பன்னிரண்டில் வந்து நின்றது.

"நூத்திநாலு" என்றாள் அவள்.

"நல்லா எண்ணினியா?"

"நாள் பூரா தையல் எண்ணுறவ நான். ஒரு அடிக்குப் பதினாலு தையல். எனக்கா எண்ணத் தெரியாது?"

இருவரும் மேஜை மேலிருந்த தாளைப் பார்த்தார்கள். கிடங்கு ஆபீசிலிருந்து வந்த தாள் அது. கிரேன் ஓட்டும் வேலைக்கு உங்களைப் பரிசீலிக்கிறோம், அடுத்த வாரம் வியாழக்கிழமை உடல் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் சில விதிகள். மூன்றாவது விதி: ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டக் கூடாது.

"நாலுதானே கூட" என்றார் கொக்கி.

"கிரேன்ல நாலு கிலோ கூடப் போனாலே மணி அடிக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

கொக்கி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

கொக்கி என்பது அவர் பெயர் அல்ல. இரும்புத் தகடு அடுக்கும் கிடங்கில் பத்தொன்பது வருஷமாகக் கிரேனுக்குக் கீழே நின்று, இறங்கி வரும் கொக்கியில் சங்கிலியை மாட்டுவது அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. கீழே நிற்பவனுக்குக் கழுத்து வலி, மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகு வலி என்று கிடங்கில் சொல்வார்கள். கொக்கிக்கு இரண்டும் இருந்தன, உட்காராமலேயே.

அந்தப் பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்தது இரண்டே தடவை. ஒரு தடவை, காலில் தகடு விழுந்தபோது. இன்னொரு தடவை, அந்தத் தகடு எப்படி விழுந்தது என்று எழுதிக் கொடுக்க ஆபீசுக்குள் கூப்பிட்டபோது. இப்போது கிரேன்காரர் வேலையை விட்டுப் போகிறார். நாற்பது படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை. அந்த அறைக்குள் ஒரு நாற்காலி. மெத்தை வைத்தது, கை வைக்க இடம் உள்ளது, சுழல்வது. சோதனையில் தேறினால் அது அவருக்கு. தேறாவிட்டால் வெளியாள் வருவான், கொக்கி கொக்கியாகவே இருப்பார்.

"அப்போ பயத்தை விடுங்க" என்றாள் மனைவி.

"எனக்கு என்ன பயம்?"

"பயம் இல்லாமலா நூத்திநாலு அடிக்குது? மேல ஏறணும்னு நினைச்சாலே உங்களுக்கு நெஞ்சு அடிக்குது. வெளியே சொல்ல வெக்கம். எனக்கெல்லாம் அந்தப் பயம் கிடையாது."

கொக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பரணில் இருந்து பானை எடுக்கக்கூட ஸ்டூல் மேல் ஏறாதவள் அவள். மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும்போது கிடங்கு வாசலில் நின்று அவருடைய செருப்பை மட்டும் பார்த்துப் பேசிவிட்டுப் போவாள். ஒரு நாளும் தலை தூக்கிக் கிரேனைப் பார்த்ததில்லை. ஆனால் கட்டிய மனைவியிடம் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதில் அவருக்கு அனுபவம் போதுமான அளவு இருந்தது.

நாடி பார்க்க அவள் கற்றுக்கொண்டது தார்ப்பாய்ப் பட்டறையில். அங்கே லாரித் தார்ப்பாய் தைப்பது அவள் வேலை. போன மாதம் பட்டறையில் முதலுதவி வகுப்பு நடந்தது. ஐம்பது பெண்கள், ஒரு வாத்தியார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் கையை எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினார், முன்னால் இருந்தவளின் கொண்டை மறைத்தது. அதனால் என்ன? வீட்டுக்கு வந்து தானாகவே பழகிக்கொண்டாள். பெரிய ஊசி குத்திக் குத்தி அவளுடைய மற்ற விரல் நுனிகள் எல்லாம் காய்த்துப் போயிருந்தன, நெருப்பைத் தொட்டாலும் தெரியாது. கட்டை விரலில் மட்டும்தான் உணர்ச்சி மிச்சம் இருந்தது. அதை வைத்து அழுத்தினால் துடிப்பு தந்தி மாதிரி துல்லியமாகக் கேட்டது.

முதல் வைத்தியம் ஓய்வு. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கொக்கி கட்டிலில் படுக்க வேண்டும், காபி கூடாது, செய்தி கேட்கக் கூடாது, மச்சினனிடம் பேசக் கூடாது. மூன்று நாள் அப்படியே கிடந்தார். மூன்றாம் நாள் மனைவி ஒரு கட்டுத் தார்ப்பாய்த் துணியைத் தலையில் வைத்து மூன்று மாடி ஏறி வந்தாள். கட்டைப் போட்ட கையோடு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நூத்திப்பத்து!"

"நான் படுத்துக்கிட்டுதானே இருக்கேன்?"

"படுத்துக்கிட்டு எதை நினைச்சீங்க?"

"எதையும் நினைக்கல. தூங்கிட்டேன்."

"தூக்கத்துல நூத்திப்பத்தா? என்ன கனவு கண்டீங்க? கயிறு அறுந்த மாதிரியா?"

"நாற்காலி."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. அதை இரண்டு பேருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கொக்கி தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார். கடைக்கார அம்மா கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தெருவில் பாதிப் பேருக்கு டாக்டரைவிட அவரிடம்தான் பயம்.

"நெஞ்சு ஓடாம நிக்கிறதுக்கு ஏதாவது இருக்காம்மா?"

"நெஞ்சு ஓடாம நின்னா அப்புறம் எங்கிட்ட வர வேண்டிய அவசியமே இல்ல. விஷயத்தைச் சொல்லுங்க."

சொன்னார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நெஞ்சை அடின்னு நீங்களா சொல்றீங்க? சாப்பிட்டது செரிக்கட்டும்னு உத்தரவு போடுறீங்களா? வேர்க்கணும்னு நினைச்சா வேர்க்குது? இல்லையில்ல? உங்களைக் கேக்காம நடக்குற வேலைக்குன்னு உடம்புல தனி நரம்புங்க இருக்கு. அதுல ரெண்டு பிரிவு. ஒண்ணு ஆபத்துன்னா ஓட வைக்கும். நெஞ்சு வேகமா அடிக்கும், வேர்க்கும், கண்ணோட கருமணி விரியும், வாய் வறண்டு போகும். இன்னொண்ணு அடங்க வைக்கும். நெஞ்சு மெதுவாகும், எச்சில் ஊறும், சாப்பாடு செரிக்கும், ஒண்ணுக்கு வரும்."

கொக்கியின் முகத்தில் விளக்கு எரிந்தது. "எங்க கிடங்கு மாதிரியே இருக்கே!"

எப்படி என்று அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொன்னார். கிடங்கிலும் இரண்டு மேஸ்திரிகள். லாரி வந்தால் ஒருவர் "ஓடு, ஓடு, தூக்கு, தூக்கு" என்று கத்துவார். அவர் கத்தினால் நாக்கு வறண்டு போகும், கண் பிதுங்கும். லாரி போனதும் இன்னொருவர் வருவார். "ஆகட்டும், மெதுவா ஆகட்டும், சாப்பிட்டீங்களா? போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்க" என்பார். மாடியில் முதலாளி குளிர்சாதன அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு எதுவும் தெரியாது. வேலை நடந்துவிடும்.

"அதேதான்" என்றார் கடைக்கார அம்மா. "முதலாளி நீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"மருந்து என்னம்மா செய்யும்?"

"மருந்து உங்ககிட்ட பேசாது. நேரா மேஸ்திரிகிட்ட போயிரும். நெஞ்சை மெதுவாக்குற மாத்திரை இருக்கு. முதல் மேஸ்திரி கத்துறது நெஞ்சுக்குக் கேக்காம அது காதைப் பொத்தும். பஸ்ல வாந்தி வராம இருக்க காதுக்குப் பின்னாடி ஒட்டுறாங்களே, அது ரெண்டாவது மேஸ்திரி வாயில துணியை அடைக்கும். யாருக்கு எது, எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். அடுத்தவங்க மாத்திரையைத் தொட்டீங்க, நான் உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிருவேன். போங்க."

கொக்கி முழுவதையும் கேட்டார். வீடு வந்து சேர்வதற்குள் முன்பாதி மட்டும் மிச்சமிருந்தது. முதல் மேஸ்திரியின் சத்தத்தை அடைக்க ஒரு மாத்திரை உண்டு.

அந்த மாத்திரை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மச்சினன் மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன். மேடை ஏறினால் விரல் நடுங்கும் என்று டாக்டர் அவனுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஊர் ஊராகப் போகிறவன், அதனால் வழியில் வாந்தி வராமல் இருக்க ஒட்டும் பட்டையும் வைத்திருந்தான். இருமலுக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று. அவன் பையைக் கவிழ்த்தால் ஒரு மருந்துக்கடை வைக்கலாம்.

"மாமா, இது சாதாரண மாத்திரை இல்ல" என்றான் அவன். "இதைப் போட்டுக்கிட்டா ஆயிரம் பேர் முன்னாடி நின்னாலும் நம்ம வீட்டு ஹால்ல நிக்கிற மாதிரி இருக்கும்."

"எனக்கு ஆயிரம் பேர் வேண்டாம் மாப்ள. ஒரு டாக்டர் முன்னாடி நின்னா போதும்."

"அப்போ ஒண்ணு போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. கொக்கி ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியும் மச்சினனும் எதிரே உட்கார்ந்து, பால் பொங்குமா என்று அடுப்பைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கழிந்தது.

"எப்படி இருக்கு மாமா?"

"கை கொஞ்சம் சில்லுன்னு இருக்கு. மத்தபடி நிம்மதியா இருக்கு. யாரோ உள்ளே கதவைச் சாத்தின மாதிரி இருக்கு."

"எந்திரிங்க, பாப்போம்."

எழுந்தார். அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொக்கி இன்னொரு பக்கமாகச் சாய்ந்தார். நல்லவேளை, தைத்து அடுக்கியிருந்த தார்ப்பாய்க் குவியல் அங்கே இருந்தது. அதன் மேல் அவர், இறக்கி வைத்த சுமை போலப் போய் விழுந்தார்.

"ஐயோ!" மனைவி பாய்ந்து வந்து அவர் தலையை மடியில் வைத்தாள். ஒரு கையால் விசிறினாள். மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உதடுகள் வேகமாக எண்ணின.

"நூத்திப்பதினெட்டு!"

"மாத்திரை போட்டுமா?" மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"உன் மாத்திரையும் நீயும்! இறங்குறதுக்குப் பதிலா ஏறிக்கிட்டு இல்ல இருக்கு!"

"அக்கா, மாமா உடம்பு தகடு தூக்கின உடம்பு. என் உடம்பு பாட்டுக்காரன் உடம்பு. அவருக்கு அளவு பத்தல. ஒன்றரை போட்டா சரியாயிரும்."

தார்ப்பாயில் கிடந்த கொக்கி மெதுவாகச் சொன்னார்: "எனக்கு நெஞ்சு வேகமா அடிக்கிற மாதிரியே தெரியல."

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் மனைவி. "முதலாளிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மருந்துக்கடை அம்மா சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இதற்குப் பிறகு அவர் தன் நெஞ்சைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நாடி நூற்றுப் பத்துக்குக் கீழே வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு சண்டை வந்தது. கிரேன் படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். "ஒரு பக்கம் இருக்கு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒரு பக்கமா? ஒரு பக்கம் வச்சவன் இன்னொரு பக்கம் வைக்க மாட்டானா?" என்று அரை மணி நேரம் கத்தினாள். கத்தி முடித்துவிட்டு நாடி பார்த்தாள். நூற்றிருபத்தொன்று. "பாத்தீங்களா, கைப்பிடின்னு சொன்னதுமே எப்படி அடிக்குதுன்னு!" என்றாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சோதனை நடக்கும் ஆஸ்பத்திரி மலைப்பாதை தாண்டி இருந்தது. மூன்று மணி நேரப் பஸ் பயணம். கொக்கி தகடு தூக்குவார், சங்கிலி இழுப்பார், பஸ் வளைவில் திரும்பினால் மட்டும் வயிறு வாய்க்கு வந்துவிடும். டாக்டர் முன்னால் வாந்தி எடுத்தால் நாற்காலி போச்சு. எனவே முந்தின நாள் சாயங்காலமே மச்சினன் ஒரு பட்டையைக் கொடுத்தான். அதனோடு வந்த விளக்கத் தாளைக் கேட்டார்கள். அதன் பின்பக்கத்தில் அவன் ஒரு பாட்டின் வரிகளை எழுதி, அதையும் எங்கோ தொலைத்திருந்தான்.

"காதுக்குப் பின்னாடி ஒட்டுங்க மாமா. அவ்வளவுதான்."

ஒட்டிக்கொண்டார். ஒட்டிய விரலாலேயே, கிடங்குத் தூசி உறுத்திய வலது கண்ணை நன்றாகக் கசக்கிக்கொண்டார். கையைக் கழுவ வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தாள் சொல்லியிருக்க வேண்டும், அதுவோ பாட்டாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் ஒன்றரை மாத்திரை. பஸ்ஸில் வாந்தி வரவில்லை. அது ஒன்றுதான் அன்று சரியாக நடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே வலது கண் கூசியது. வாய்க்குள் யாரோ உப்புத்தாளை ஒட்டி வைத்தது போல நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வரிசையில் எடைக்கருவி அருகே ஓர் ஆயாம்மா உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, பேச்சு குறைவு, கண் மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது. எடையைக் குறித்துவிட்டு ஒரு சின்னக் கோப்பையை நீட்டினார்.

"ஒண்ணுக்குப் பிடிச்சுக் கொண்டாங்க."

கொக்கி உள்ளே போனார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. இரண்டாவது மேஸ்திரியின் வாயில் துணி இருந்தது, "போய் இருந்துட்டு வாங்க" என்று சொல்ல ஆள் இல்லை.

"என்னங்க, ஆச்சா?" வெளியே மனைவி கதவைத் தட்டினாள்.

"வரல."

"தண்ணி குடிங்க!"

இரண்டு பாட்டில் குடித்தார். கோப்பை காலியாகவே இருந்தது. வயிறு நிறைந்துவிட்டது.

"குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு நில்லுங்க, சத்தம் கேட்டா வரும்!" என்றாள் மனைவி. குழாய் ஓடியது. அடுத்த அறையில் காத்திருந்த மூன்று பேர் எழுந்து கழிப்பறைக்கு ஓடினார்கள். கொக்கிக்கு மட்டும் வரவில்லை.

கடைசியில் வெறும் கோப்பையோடு டாக்டரம்மாவின் அறைக்குள் போனார். இளவயது டாக்டர், சுறுசுறுப்பானவர்.

"உக்காருங்க. பேர் சொல்லுங்க."

சம்பளச் சீட்டுப் பெயரைச் சொல்ல முயன்றார். நாக்கு புரளவில்லை. "ப்ளம்... ப்ளழம்..." என்று ஏதோ வந்தது.

டாக்டரம்மா நிமிர்ந்தார். சின்ன விளக்கை எடுத்துக் கண்ணில் அடித்தார். இடது கண்ணின் கருமணி ஊசிக் காது போலச் சுருங்கியது. வலது கண்ணின் கருமணி தார்ப்பாய் ஓரத்துக் கயிற்று வளையம் போல விரிந்தே நின்றது, வெளிச்சத்துக்கு அசையவே இல்லை.

"தலையில அடி ஏதும் பட்டுதா?"

"ழ்ல்ல."

"எந்திரிச்சு நில்லுங்க."

நின்றார். அறை சாய்ந்தது. இந்தத் தடவை தார்ப்பாய் இல்லை, பின்னாலேயே வந்திருந்த ஆயாம்மாதான் இருந்தார். அவர் மேல் போய் விழுந்தார்.

"பேச்சு குழறுது, ஒரு கண்ணு விரிஞ்சிருக்கு, நிக்க முடியல" என்று டாக்டரம்மா போனை எடுத்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வேணும். தலைக்குள்ள ரத்தக் கசிவா இருக்கலாம். உடனே!"

"ஐயையோ!" என்று மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "நாற்காலி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், என் மனுஷன் நின்னுக்கிட்டே இருக்கட்டும்! நின்னா போதும்!"

"நிக்கத்தானேம்மா முடியல!" என்றார் டாக்டரம்மா.

கொக்கியைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்த ஆயாம்மா, அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"டாக்டரம்மா, காதுக்குப் பின்னாடி என்னமோ ஒட்டியிருக்கு."

போன் பாதியில் நின்றது. டாக்டரம்மா வந்து பார்த்தார். பட்டையைப் பிய்த்தார். கொக்கியின் வலது கண்ணைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில், பட்டறை மேற்பார்வையாளரிடம் இருபது வருஷம் பொய் சொல்லிப் பழகிய மனைவியே ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். மாத்திரை, பட்டை, ஒன்றரை, மச்சினன், கீபோர்டு, பாட்டு எழுதிய தாள்.

டாக்டரம்மா வண்டி வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சிறிது நேரம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று கொக்கி நினைத்தார். சிரிப்பு.

"ரெண்டு மேஸ்திரி வாயையும் ஒரே நாள்ல கட்டிட்டீங்க போல" என்றார், மருந்துக்கடை அம்மா சொன்னதைக் கேட்டபின். "ஓட வைக்கிறவனாலயும் பேச முடியாது, அடங்க வைக்கிறவனாலயும் பேச முடியாது. கிடங்கு எப்படி நடக்கும்? அடுத்தவங்க மாத்திரை, அதுவும் ஒன்றரை! உங்க மச்சினனை நான் ஒரு நாள் பாக்கணும்."

கண்ணைக் கழுவினார்கள். காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்தார்கள். மார்பில் ஒட்டி நெஞ்சின் ஓட்டத்தைத் தாளில் வரைந்தார்கள். விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள், அதில் நாடித்துடிப்பு சிவப்பு எண்ணாகத் தெரிந்தது. மதியம் கழிந்ததும் கொக்கிக்கு வாயில் எச்சில் ஊறியது. சற்று நேரத்தில் அவர் சட்டென்று எழுந்து கோப்பையைக் கேட்டார். இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரே மூச்சில் கணக்குக் காட்டின. ஒரு கோப்பை போதவில்லை, ஆயாம்மா இன்னொன்று கொண்டுவர வேண்டியதாயிற்று.

"பாருங்க" என்று டாக்டரம்மா தாளை நீட்டினார். "உங்க நெஞ்சுல ஒரு குறையும் இல்ல. குதிரைக்கு வைக்கலாம். மாத்திரை இன்னும் முழுசா இறங்கல, அதனால இன்னைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். திங்கட்கிழமை வெறும் உடம்போட வாங்க. பட்டை கிடையாது, மாத்திரை கிடையாது, மச்சினன் கிடையாது. அன்னைக்குப் போட்டுத் தர்றேன். நாற்காலியை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க, நான் ஆபீசுக்குப் பேசிக்கிறேன்."

கொக்கி எழுந்து கும்பிட்டார். அறை சாயவில்லை.

ஆனால் மனைவி நகரவில்லை.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. திங்கட்கிழமை மாத்திரை இல்லாம வந்தா இவருக்கு நூறைத் தாண்டிரும். நான் பத்து நாளா எண்ணிக்கிட்டு வர்றேன். மேல ஏறணும்னா இவருக்குப் பயம். வெளியே காட்டிக்க மாட்டாரு. இவரு நெஞ்சு எனக்குத்தான் தெரியும்."

"இதோ பாருங்கம்மா, அம்பத்தாறு." டாக்டரம்மா விரல் கவ்வியைக் காட்டினார்.

"அது பொய் சொல்லுது."

"மிஷின் பொய் சொல்லாதும்மா."

"எங்க பட்டறைத் தையல் மிஷினும் அப்படித்தான் சொல்லும். எண்ணிப் பாத்தா அடிக்குப் பதிமூணுதான் இருக்கும். கையைக் குடுங்க!"

கொக்கி வழக்கம்போலக் கையை நீட்டினார். அவள் பிடித்தாள். கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் நட்டாள். அறையில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துக் கட்டட வேலையில் ஒரு கிரேன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. நொடிமுள் ஒரு சுற்றுச் சுற்றியது.

"நூத்தியிருவத்திநாலு!" என்றாள், வெற்றியோடு.

சிவப்பு எண் ஐம்பத்தாறில் நின்றது. டாக்டரம்மா கவ்வியைத் தட்டிப் பார்த்தார். தன் விரலில் மாட்டிப் பார்த்தார். திரும்பக் கொக்கியின் விரலில் மாட்டினார். ஐம்பத்தாறு. கொக்கி மனைவியின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை, உதடு வறண்டிருந்தது, இரண்டு கண்களிலும் கருமணி அகலமாக விரிந்திருந்தது. இத்தனைக்கும் அவள் எந்த மாத்திரையும் போடவில்லை, எந்தப் பட்டையும் ஒட்டவில்லை.

மூலையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா கிட்டே வந்தார். மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். அந்தக் கட்டை விரலை மட்டும் மெதுவாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"கட்டை விரலுக்குள்ள அதுக்குன்னே ஒரு நாடி ஓடுதும்மா" என்றார். "இந்தப் பத்து நாளா நீங்க எண்ணிக்கிட்டு இருந்தது அவரு நெஞ்சை இல்ல, உங்க நெஞ்சை."